தேவராஜ் எங்கே குடியிருக்கிறார்?

ஆள் எதிரில் இல்லாமலே அவன் முகத்துக்குச் சவரம் செய்கிற தொழில் என்னுடையது. ஆள் பஹ்ரைனில் இருப்பான், இல்லை குவைத்தில் இருப்பான். அவனுடைய பான் கார்டு, பாஸ்புக், ஆதார் நகல், வருமான வரிக் கணக்கு எல்லாம் பழவேற்காடு பஜாரில் என் கடை மேஜைமேல் கிடக்கும். கத்தி எங்கேயாவது பட்டுவிட்டால் அவன் அங்கிருந்து கத்துவான், எனக்கு இங்கே வாட்ஸ்அப்பில் கேட்கும்.

நானும் ஷார்ஜாவில் ஒரு ஏசி கம்பெனியில் பல வருஷம் கணக்கு எழுதிவிட்டு வந்தவன்தான். அங்கே இருந்தபோது ஊரில் என் கணக்கு வழக்கையெல்லாம் என் மச்சான் பார்த்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்ட அழகைத் திரும்பி வந்து பார்த்த பிறகுதான், இந்தத் தொழிலுக்கு ஊரில் ஆள் தேவை என்று முடிவு செய்தேன். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, ஆனால் யாரும் படிப்பதில்லை. எல்லாருக்கும் நான் 'பாய்'.

வெளிநாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிற புண்ணியவான்களே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப் போவதில்லை. உங்கள் செக்புக் எந்த பீரோவில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்தை உங்களைவிட உங்கள் தம்பி நன்றாகப் போடுவான். நீங்கள் அங்கே தூங்கும்போதுதான் இங்கே பேங்குக்கு உங்கள்மேல் சந்தேகம் வரும். நீங்களும் நானும் ஒரே கட்சி. ஆகவே குமாரியின் கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

லிண்டலோடு நின்ற வீடு

குமாரி ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். புருஷன் தேவராஜ் பஹ்ரைனில் மீன்பிடி படகில் வேலை செய்கிறான். அவன் அனுப்புகிற பணத்தில் குப்பத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர், ஜன்னலுக்கு மேல் போடுகிற லிண்டல் மட்டத்தைத் தாண்டிவிட்டது, மழைக்கு முன்னால் தளம் போட்டாக வேண்டும், கம்பி கட்ட ஆளும் வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஏடிஎம் மிஷின் கையை விரித்துவிட்டது. பேங்கில் போய்க் கேட்டால், "வெளிநாட்டுப் பணம் வருஷக்கணக்காகச் சாதாரண சேமிப்புக் கணக்கில் விழுகிறது. ஆள் வெளிநாட்டில் வசிக்கிறவர் என்று எழுதிக் கொடுத்துக் கணக்கை மாற்றுங்கள், அதுவரைக்கும் பணத்தை எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். பேங்க்மேல் குற்றம் சொல்ல முடியாது, சட்டம் அதுதான். வேலைக்குக் கிளம்பிப் போன உடனே செய்திருக்க வேண்டிய காரியம். நம்மில் யார் செய்தோம்?

கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்து, 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்ற கட்டத்தில் டிக் போடப் போனேன். "இரு பாய், இரு பாய்" என்று குமாரி பதறிப்போய் எழுந்துவிட்டாள். காரணம் எங்கள் ஏரி. இங்கே நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. முகத்துவாரத்துப் பக்கம் எறா, அதாவது இறால், நன்றாக ஓடுகிற இடங்களுக்கு முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்த வீட்டுக்காரன், நாளைக்கு அடுத்த வீட்டுக்காரன். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வெளியூரில் போய்க் குடியேறிவிட்டவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. பொன்னேரியில் கடை வைத்துக்கொண்டு, முறை வருகிற அன்றைக்கு மட்டும் பஸ் ஏறி வந்து வலை போட்ட ஒருத்தன் பாட்டை ஊர் பிடுங்கியே விட்டது.

தேவராஜ் விஷயத்தில் ஊர் இதுவரை கண்டும் காணாமலும் இருந்தது. குமாரி ஊர் வரியைத் தவறாமல் கட்டினாள். மகன் பெயரில் மாமனார் வலை போட்டார். யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. இப்போது 'வெளிநாட்டில் வசிப்பவர்' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? "இது பேங்குக்கு மட்டும்தானே தங்கச்சி, ஊருக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது, நானும் அக்கரையில் இருந்தவன்தானே. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வூட்ட எப்ப வேணா கட்டிக்கலாம் பாய். பாடு போச்சின்னா அவரு இன்னாத்துக்குத் திரும்பி வரணும்?"

தண்ணீரில் உட்கார்ந்திருந்த நைனா

அன்று சாயந்திரமே தேவராஜ் பஹ்ரைனிலிருந்து பேசினான். "கம்முனு போட்டுட்டு வா, ஊருக்கு எவன் சொல்லப்போறான்?" என்று அவன் தைரியம் சொன்னதும் குமாரி சம்மதித்தாள். மறுநாள் காலை படிவத்தை அனுப்பப் பொத்தானை அமுக்கினேன். ஓடிபி கேட்டது.

ஓடிபி போகிற சிம் தேவராஜின் அப்பாவிடம் இருந்தது. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்பார்கள். அவரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடுகிறது. பாடு இல்லாத நாட்களில் நைனா ஏரிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றில் கையால் தடவி எறா பிடிப்பார். போன் பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலைப்பாகைக்குள் இருக்கும். போன் அடித்தால் தலை அதிரும், கையை எடுக்க மாட்டார். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை எடுத்தார், "இப்ப கை இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது தடவை பெரிய மனது பண்ணி ஒரு நம்பரைப் படித்துச் சொன்னார். அது ரீசார்ஜ் முடியப் போகிறது என்று சிம் கம்பெனிக்காரன் அனுப்பிய தொகை. அதை வேறு நான் நம்பி அடித்துத் தொலைத்தேன். தப்பு நம்பர் போட்டதற்குத் தண்டனையாக அன்றைக்கு முழுக்கக் கதவைச் சாத்திவிட்டது பேங்க் இணையதளம்.

மத்தியானம் நைனா ஈரத் துணியோடு கடைக்கு வந்தார். எனக்கு வந்த கோபத்தை அப்படியே கொட்டினேன். ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுசு, அதற்குள் சொல்லாவிட்டால் செத்துப்போகும், உங்கள் வீட்டுத் தளமே அதில்தான் நிற்கிறது என்று விளக்கினேன். அவர் தலைப்பாகையைப் பிழிந்து என் வாசலில் உதறிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நம்பரு போனுக்குள்ளதான பாய் கெடக்கும், எங்க ஓடிடப்போவுது? எறா ஓடிடும்."

சைபர் போட்டால் அசிங்கம்

மறுநாள் நைனாவுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, கடையிலேயே உட்கார வைத்து, ஒரு வழியாகப் படிவத்தை அனுப்பிவிட்டோம். பதிலுக்குக் காத்திருந்த அந்த வாரத்தில் கஜேந்திரன் வந்து சேர்ந்தார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை கிடைக்கும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, கத்தாரில் இழுவைக் கப்பலுக்குப் போனவர். இப்போது பெண்ணுக்குச் சம்பந்தம் பேச லீவில் வந்திருந்தார். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்றார். சந்தோஷமாக உட்கார்ந்து போட்டேன். வருஷம் முழுக்க வெளிநாட்டில் இருந்தவர், அங்கே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. இங்கே வந்த வட்டியோ பிசாத்துக் காசு. கட்ட வேண்டிய வரி சைபர்.

வேறு யாராக இருந்தாலும் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கஜேந்திரன் முகம் தொங்கிப்போய்விட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார். 'வரி கட்டுகிற குடும்பம்' என்று மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டாராம். சட்டத்தில் இடமில்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார்:

"சைபர் போட்டுக் குடுத்தா சம்பந்தி வூட்டாண்ட அசிங்கமாப் பூடும் பாய். எதுனா ஒரு நூறு ரூபாயாச்சும் போடு, நான் கட்டிக்கிறேன்."

விட்டுக்கொடுக்காத ஊர்

குமாரியின் படிவத்தில் எழுதியிருந்த முகவரியைச் சரிபார்க்க, பேங்க் அனுப்பிய, கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பையன் பைக்கில் குப்பத்துக்கு வந்தான். எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் வழியிலேயே மடக்கியிருப்பேன். எங்கள் பக்கத்தில் கையில் ஃபைலோடு வருகிற எவரைப் பார்த்தாலும் ஊருக்கு ஒரே ஒரு பயம்தான். ரேஷன் கார்டிலிருந்து பெயரை நீக்க வந்திருக்கிறான் என்ற பயம். அப்படி வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் 'இருக்கிறார்' என்று சொல்லிவிட வேண்டும். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. எல்லாருக்கும் கைவந்த கலை.

பையன் முதலில் டீக்கடைச் சம்பத்திடம் கேட்டான். "தேவராஜா? காலையிலதான டீ குடிச்சிட்டுப் போனாரு" என்றான் சம்பத். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, நேற்றுச் சீட்டாட்டத்தில் தேவராஜிடம் தோற்றதைச் சொல்லி வருத்தப்பட்டார். நண்டு விற்கிற அம்மா ஒரு படி மேலே போய், முந்தாநாள் வாங்கிய நண்டுக்கு அவர் இன்னும் காசு தரவில்லை என்று புகார் சொன்னாள். கடைசியாக ஊர்த் தலைவர் ஏழுமலை வந்து, "ஊர்த் தலைவரு சொல்றேன், எழுதிக்க. ஆளு ஊருலதான் கீறான்" என்று முத்திரை குத்தாத குறையாகச் சொல்லி அனுப்பினார். பையன் அத்தனையையும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு போனான்.

பேங்க் மேனேஜரம்மா எனக்குப் போன் செய்தார். "நீங்க ஆள் பஹ்ரைன்ல இருக்கார்னு எழுதியிருக்கீங்க. எங்க ரிப்போர்ட்ல அவர் நேத்து சீட்டாடி ஜெயிச்சிருக்கார். நான் எதை நம்புறது?" என்றார். நேராகச் சம்பத் கடைக்குப் போனேன். வருஷக்கணக்காகக் கண்ணில் படாதவனுக்குக் காலையில் எப்படியப்பா டீ கொடுத்தாய் என்று சண்டை பிடித்தேன். சம்பத் டீயை ஆற்றுவதை நிறுத்தவே இல்லை:

"நம்ம புள்ள பாய். அவன் இல்லாத நேரத்துல எவனோ வந்து கேட்டா, இல்லன்னு சொல்லி வுட்டுக்குடுக்க முடியுமா?"

பொன்னேரிக்கு ஒரு நியாயம், பஹ்ரைனுக்கு ஒரு நியாயமா?

மேனேஜரம்மா நல்ல மனுஷி. பாஸ்போர்ட்டும் விசாவும் வேலை ஒப்பந்தமும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் தலைவரே இப்படிச் சொல்லியிருப்பதால், ஆள் பஹ்ரைனில்தான் இருக்கிறார் என்று அவரே மாற்றிச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். 'ஒரு கையெழுத்து' என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தக் கையெழுத்து விழுந்தால் வீட்டுக்குத் தளம் ஏறும், அதே கையெழுத்தில் ஏரியில் பாடு போகும். குமாரி, "தனியாப் போயி கெஞ்ச மாட்டேன், கூட்டத்துலயே கேக்குறேன்" என்று எழுந்தாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கோயிலுக்கு முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. பெண்கள் எழுந்து பேசுகிற இடம் இல்லை அது. குமாரி எழுந்து நின்று, பேங்க் கேட்பதை உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டாள். தலைவர் கீழே பார்த்தார். டீக்கடைச் சம்பத் மேலே பார்த்தான். இளவட்டம் ஒருவன் எழுந்து, "பொன்னேரிக்குப் போனவனுக்கு ஒரு நியாயம், பஹ்ரைனுக்குப் போனவனுக்கு ஒரு நியாயமா?" என்று கேட்டான். சரியான கேள்வி. நைனா ஒரு பக்கம் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். இவர்கள் பாடு போய்விட்டது என்றே நான் நினைத்தேன்.

குமாரி திரும்பி அந்த இளவட்டத்தைப் பார்த்தாள். "பொன்னேரிக்குப் போனவரு செருப்புக் கடை வச்சாரு. என் வூட்டுக்காரரு இன்னா கடையா வச்சிகினு கீறாரு? வலை இழுக்கறாரு. லாஞ்சுல கடலுக்குப் போனவங்க வர நாளாச்சின்னா, வூட்டுல இருக்கறவங்க அவங்க பாட்டப் போடுறதில்ல? அத்த மட்டும் ஊரு புடுங்குதா?" என்றாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தேவராஜுக்கு வீடியோ கால் போடச் சொன்னார். எடுத்தான். பின்னால் இஞ்சின் சத்தம், அவன் மேலெல்லாம் ஈரம். "எங்கடா கீற?" என்று தலைவர் அதட்டினார். "தண்ணியிலதான் தலைவரே" என்று போனைத் திருப்பி, படகின் மேல்தட்டில் துள்ளிக்கொண்டிருந்த மீனைக் காட்டினான். அவ்வளவுதான், கூட்டம் பாட்டை மறந்துவிட்டது. அது என்ன மீன், வலைக்கண் என்ன அளவு, கிலோ என்ன விலைக்குப் போகும் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். பொன்னேரி நியாயம் பேசிய இளவட்டம்தான் போனுக்கு மிக அருகில் இருந்தான்.

தலைவருடைய மருமகனும் குவைத்தில் மீன்பிடி படகில்தான் இருக்கிறார். அதற்கும் தீர்ப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்:

"நானே கண்ணால பாத்தேன், தண்ணிமேலதான் கீறான். கடலுக்குப் போயிருக்கற ஆளு பாட்ட எவனும் தொடக் கூடாது, ஆமா."

மேனேஜரம்மா கேட்ட ஒரே கேள்வி

பேங்குக்கான கடிதத்தைத் தலைவர் சொல்லச் சொல்ல நான் என் கடையில் தட்டச்சு செய்தேன். 'பஹ்ரைனில் வசிக்கிறார்' என்று போட்டேன், அதை எடுக்கச் சொன்னார். 'தங்கியிருக்கிறார்' என்றேன், அதுவும் கூடாது. பஹ்ரைன் என்ற பெயர் வந்தால் பக்கத்திலேயே கடல் என்று வர வேண்டும், அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில், 'எங்கள் ஊர் தேவராஜ் தற்சமயம் பஹ்ரைன் நாட்டுக் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்ததும் கரை திரும்புவார்' என்ற அளவில் ஒப்பந்தம் ஆனது. பஹ்ரைன் வந்துவிட்டது, எனக்கு அது போதும்.

பேங்குக்கு நானும் குமாரியும் போனோம். வானம் மூட்டமாக இருந்தது, வழியெல்லாம் அவள் மேகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். மேனேஜரம்மா கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். பாஸ்போர்ட் நகலில் தேவராஜ் கிளம்பிப் போன தேதியைப் பார்த்தார். "மூணு வருஷமா கடல்லயே இருக்காரா?" என்று கேட்டார். ஷார்ஜாவில் எத்தனையோ ஆடிட்டர்களுக்குப் பதில் சொன்னவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்திரை அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, கைதான் அதைத் தொடவில்லை. குமாரி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை:

"மீனு கெடைக்க வேணாமா மேடம்?"

முத்திரை விழுந்தது, மழைக்கு முன்னால் தளம் போட்டாயிற்று, தேவராஜ் முறை வந்த அன்று அவன் பெயரில் நைனா வலை போட்டார், அன்றைய எறாவில் ஒரு கூடை எனக்கு ஃபீஸாக வந்தது. அதை வெளிநாட்டு வருமானம் என்று காட்டுவதா உள்நாட்டு வருமானம் என்று காட்டுவதா என்பதுதான் இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு.